கடல் உப்பு டூப்ளிகேட்டா, டெஸ்ட் கிட் பொய் சொல்கிறதா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே பிடித்துவிடலாம். வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு, 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, இரண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் மென்பவளம். கடையில் பெரிய வாளியைத் திறந்து எடை போட்டுக் கொடுத்த ரீஃப் சால்ட் (பவளத் தொட்டிக்கான கலவை உப்பு) 5 கிலோ வாங்கியிருக்கிறீர்கள். வாளியின் மேல் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவில் கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை) 8, கால்சியம் 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் 430 பங்கு), மக்னீசியம் 1300 என்று போட்டிருந்தது. சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் 20 லிட்டரில் கரைத்தீர்கள். ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டியது. அன்று மாலை கேஹெச் 10.9, கால்சியம் 370, மக்னீசியம் 1440. மறுநாள் பார்த்தால் கேஹெச் 9.5 ஆக இறங்கியிருக்கிறது, கால்சியம் 410 ஆக ஏறியிருக்கிறது. உப்பு டூப்ளிகேட்டா, கடைக்காரரிடம் சண்டை போடலாமா, எந்தக் கிட்டை நம்புவது என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி வேறு: உப்பு, தண்ணீர், அளக்கும் கருவி என்று மூன்று பேர் நிற்கிறார்கள், பொய் சொல்வது யார்?

நான் படித்தது வேதியியல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் பதினோரு வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டேன். இறால் குஞ்சு பவளத்தை விடப் பொறுமை இல்லாதது. காலையில் எண்ணைத் தவறாக எழுதினால் மாலையில் தொட்டி அடியில் விடை கிடக்கும். வீட்டில் பவளத் தொட்டி வைத்தது அதற்குப் பிறகுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் உப்பு போலியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் கொடுத்த எண்களே ஒன்றையொன்று மறுக்கின்றன.

எப்படி என்று பாருங்கள். உப்பைக் கரைத்து வைத்த வாளியில் ஒரே இரவில் கால்சியம் 40 பிபிஎம் ஏற வேண்டுமானால் இரண்டே வழிதான். ஒன்று, தண்ணீர் ஆவியாகி மீதி அடர்ந்திருக்க வேண்டும். 370 என்பது 410 ஆக, 20 லிட்டரில் ஏறக்குறைய 2 லிட்டர் காற்றில் போயிருக்க வேண்டும். அப்படிப் போயிருந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் 39 பக்கம் காட்டியிருக்கும், உங்களுக்கு மறுநாளும் 35தான். இன்னொரு வழி, முதல் நாள் மாலை உப்பு முழுதாகக் கரையாமல் இருந்திருக்க வேண்டும். அடியில் மணல்போல் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக அந்த 40 பெரும்பாலும் உங்கள் கையிலும் கண்ணிலும் பிறந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துளி எண்ணும் கிட்டுகளின் இயல்பு அது, பின்னால் வருகிறேன்.

கேஹெச் இறங்கியது வேறு கதை, அது உண்மையாகவே நடந்திருக்கலாம். புதிதாகக் கரைத்த உப்புநீரில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிவது வழக்கம். அப்படிப் படியும்போது இரண்டும் ஒரு கணக்கில்தான் குறையும். கேஹெச் 2.8 குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் குறையும். உங்கள் 1.4க்கு 10 பிபிஎம். 20 லிட்டருக்குச் சேர்த்தால் அரை கிராம் வெள்ளைப் பொடி. வாளியின் உள்சுவரையும் பம்ப்பின் இறக்கையையும் விரலால் வழித்துப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டினால் அதுதான். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். படிவு நடந்தால் கேஹெச் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும், கால்சியம் கிட்டின் தடுமாற்றத்துக்குள்ளேயே மறைந்துவிடும். யாராவது கால்சியம் 50 குறைந்துவிட்டது, எல்லாம் படிந்துவிட்டது என்று சொன்னால், கேஹெச் 7 குறைந்ததா என்று திருப்பிக் கேளுங்கள்.

படிவு அதிகமாவதற்குக் காரணங்கள் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். மே மாத மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சூடாக இறங்கிய தண்ணீர் ஆர்.ஓ. வழியாக வந்தாலும் சூடாகத்தான் வரும். சுண்ணாம்பு வெந்நீரில் இன்னும் எளிதாகப் படியும். உப்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கொஞ்ச நேரம் மிக அடர்த்தியான கரைசல் நிற்கும், அங்கேயே சுண்ணாம்பு பிறந்துவிடும். தண்ணீரை முதலில் எடுத்து, பம்ப்பை ஓடவிட்டு, உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். கேஹெச் 11, 12 என்று உயர்த்திச் செய்த உப்புகளில் இந்தத் தொல்லை கூடுதல். அவற்றைக் கரைத்த சில மணி நேரத்திலேயே பயன்படுத்தச் சொல்லி மூடியில் எழுதியிருப்பார்கள். கேஹெச் 7, 8ல் நிற்கும் உப்பு நாள் கணக்கில் தாங்கும்.

அடுத்து தண்ணீர். என் சந்தேகம் அதிகம் விழுவது இங்கேதான். ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 110 என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அது போகிறபோக்கில் விடக்கூடிய எண் இல்லை. நம் சமையலறை மெஷின்கள் குடிப்பதற்காகச் செய்தவை. சவ்வு வழியாக வரும் தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால், டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சிறு திருகு வழியாகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை அதில் கலந்துவிடுவார்கள். சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜ் என்று கால்சியமும் மக்னீசியமும் தனியாகச் சேர்க்கும். அப்படிக் கலப்பது போர் தண்ணீர் என்றால் பைகார்பனேட்டும் கூடவே வரும். அந்த 110ல் பாதிக்கு மேல் பைகார்பனேட்டாக இருந்தாலே கேஹெச் 2.5 வந்துவிடும். 10.9ல் 2.5ஐக் கழித்தால் 8.4. வாளியில் போட்டிருப்பது 8.

இது ஊகம்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் சோதிக்கக்கூடிய ஊகம். உப்பே போடாத அந்த ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து அதே கேஹெச் கிட்டில் பாருங்கள். முதல் துளியிலேயே நிறம் மாறினால் தண்ணீர் குற்றமற்றது. நாலைந்து துளி கேட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். இன்னொன்று, உங்கள் குடியிருப்பில் ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், ஒரு வாரம் போர், கோடையில் லாரி என்று மாறிமாறி வந்தால் இந்த எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே உப்பு, ஒரே கிட், வேறு லாரி, வேறு கேஹெச். கேன் தண்ணீர் வாங்கிக் கரைத்தாலும் இதே கதைதான், அதுவும் ருசிக்காகக் கொஞ்சம் தாது விட்டுவைத்த தண்ணீர். வழி சுலபம். மெஷின் பார்க்க வரும் ஆளிடம் சொல்லி, கலக்கும் திருகுக்கு முன்னால் சவ்விலிருந்து வரும் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டுத் தனியாக எடுங்கள். அதன் பின், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறிய டி.ஐ. ரெசின் குழாயை மாட்டுங்கள், டி.டி.எஸ். பூஜ்யம் வரும். திருகையே மூடிவிடலாமே என்று தோன்றும். மூடினால் வீட்டில் மற்றவர்கள் தண்ணீர் நன்றாக இல்லை என்று திறக்கச் சொல்வார்கள், என் வீட்டில் நடந்தது அது.

இனி அளக்கும் கருவி. கேஹெச், கால்சியம், மக்னீசியம் என்று எதை அளந்தாலும் அதற்கு முன் உப்பளவு சரியாகத் தெரிய வேண்டும். கடல்நீரில் இந்த உப்புகள் ஒன்றுக்கொன்று நிலையான விகிதத்தில் இருக்கின்றன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்து 1884ல் வெளியிட்ட முடிவு இதுதான். பெருங்கடலில் எங்கே மொண்டாலும் மொத்த உப்பு கூடலாம் குறையலாம், பங்கு மாறாது. 35 பிபிடியில் கால்சியம் 412, மக்னீசியம் 1290 சுமார், கேஹெச் ஆறரைக்குப் பக்கம். நம் தொட்டிக்கு இதன் பொருள், உப்பளவில் நீங்கள் விடும் பிழை மற்ற எல்லா எண்ணிலும் அதே விகிதத்தில் ஏறிக்கொள்ளும் என்பது. கருவி 35 காட்டி உண்மை 33 ஆக இருந்தால், குறையே இல்லாத உப்பிலும் கால்சியம் 430க்குப் பதில் 405, மக்னீசியம் 1300க்குப் பதில் 1226 வரும். உப்பு மோசம் என்று தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.

நான் எழுதியிருக்கிறேன். வீட்டுத் தொட்டி வைத்த இரண்டாம் வருடம், ஒரு கடையில் வாங்கிய வாளி உப்பில் எல்லா எண்ணும் குறைகிறது என்று கடைக்காரரிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். அவர் பேசாமல் வேறு வாளி கொடுத்தார். அதிலும் அதே குறை. அப்போதுதான் உறைத்தது, என் ரிஃப்ராக்டோமீட்டரை நான் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35லும் சரியாக நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மலிவாகக் கிடைக்கும் பல கருவிகளின் கோடுகள் சோடியம் குளோரைடு கரைசலுக்காகப் போட்டவை, கடல்நீருக்காக அல்ல. ஒளி விலகும் கணக்கு இரண்டுக்கும் சற்றே வேறு, அந்தச் சற்றே ஒன்றரை பிபிடி. அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஆய்வுக்கூடத்தில் தினமும் செய்ததை வீட்டில் செய்யத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

சரிபார்க்க 35 பிபிடி அளவுக் கரைசல் விற்கிறார்கள், கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். 3.65 கிராம் தூய சோடியம் குளோரைடு, 96.35 கிராம் தூய தண்ணீர், சேர்த்தால் 100 கிராம். இந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீரின் ஒளிவிலகலோடு ஒத்துப்போகும். கருவியின் திருகைத் திருப்பி 35ல் கோட்டை நிறுத்துங்கள், பூஜ்யத்தை மறந்துவிடுங்கள். எடைக்குச் சமையலறைத் தராசு போதாது, நகை எடை போடுவது போன்ற 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் ஏ.ஆர். தரச் (ஆய்வுக்கூடத் தூய்மை) சோடியம் குளோரைடு கிடைக்கும். அவசரத்துக்குப் பொடி உப்பும் ஓரளவு சரிதான், ஆனால் சென்னைக் காற்றில் அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெறும் வாணலியில் அரை மணி நேரம் வறுத்து, மூடி ஆறவைத்து எடை போடுங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரமும் மக்னீசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான். மின்கடத்தலை வைத்து அளக்கும் டிஜிட்டல் மீட்டர் என்றால் 3.29 கிராம் எடுத்து, மீதியைத் தண்ணீரால் 100 கிராமாக்குங்கள். கண்ணாடியில் துளி விட்டதும் பார்க்காமல் அரை நிமிடம் பொறுங்கள். ஏ.சி. அறையில் இருந்த கருவியில் பால்கனியில் இருந்த தண்ணீரை விட்டு உடனே பார்த்தால் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேஹெச் கிட்டைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. ஆப்ப சோடா போதும், பேக்கிங் பவுடர் அல்ல. 3.00 கிராம் ஆப்ப சோடாவை ஒரு லிட்டர் தூய தண்ணீரில் கரைத்தால் அது கேஹெச் 100. அதில் 100 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் கேஹெச் 10. உங்கள் கிட் இதில் 10 காட்டினால் அதை நம்புங்கள். 11.5 காட்டினால் கிட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, வரும் எண்ணை 1.15ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: உப்பை வறுக்கச் சொன்னேன் என்று சோடாவையும் வறுத்துவிடாதீர்கள். சூட்டில் அது சலவைச் சோடாவாக மாறி, அதே எடையில் அதிக காரத்தன்மை காட்டும், கணக்கு முழுவதும் தப்பிவிடும். வீட்டில் இருந்தபடி நூற்றுக்கு ஓரிரண்டு பிசகுக்குள் சரிபார்க்க முடிந்த ஒரே பவள அளவு இந்தக் கேஹெச்தான். அதனால்தான் ஒரு உப்பு வாளி சரியா தப்பா என்று பார்க்க நான் முதலில் கேஹெச்சையும் உப்பளவையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். சில உப்புகளில் போரேட் கூடுதலாக இருக்கும். கேஹெச் கிட் அதையும் சேர்த்தே எண்ணும் என்பதால் எண் சற்று உயரத் தெரியலாம், அது பெரிய விஷயமல்ல.

கால்சியத்துக்கு வந்தால் உறுதி குறைகிறது. துளி கிட்டுகள் எல்லாம் அடிப்படையில் இடிடிஏ டைட்ரேஷன்தான், அதாவது நிறம் மாறும்வரை இடிடிஏ என்ற ரசாயனக் கரைசலைத் துளித்துளியாக விட்டு எவ்வளவு செலவானது என்று பார்ப்பது. ஒரு மில்லி சிரிஞ்சு முழுவதும் 500 பிபிஎம் என்று வைத்த கிட்டில், நுனியிலிருந்து விழும் ஒரு துளி 0.03 மில்லி என்றால் அந்த ஒரு துளியே 15 பிபிஎம். ஊதா தெரிந்ததும் நிறுத்துபவருக்கும், முழு நீலம் வரட்டும் என்று காத்திருப்பவருக்கும் இரண்டு துளி வித்தியாசம் வரும். கூடவே சிரிஞ்சில் மாதிரி எடுக்கும்போது ஒரு காற்றுக்குமிழி. உங்கள் 370, 410 இரண்டும் ஒரே தண்ணீருக்கு வந்திருக்க முடியும் என்று நான் சொல்வது இதனால்தான். தொட்டியின் நீல விளக்கடியில் வைத்து நிறம் பார்க்காதீர்கள். பகலில் ஜன்னலோரம், பின்னால் வெள்ளைத் தாள். ஒரே மாலையில் மூன்று முறை செய்து மூன்றையும் எழுதுங்கள். 390, 400, 385 என்று வந்தால் உங்கள் கை பழகிவிட்டது, சராசரியை எடுத்துக்கொள்ளலாம். 360, 420, 390 என்று வந்தால் அந்த எண்களை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

மக்னீசியம் இன்னும் ஒரு படி கீழே. பல கிட்டுகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்து அளந்து, நீங்கள் கண்ட கால்சியத்தைக் கழிக்கச் சொல்லும். கால்சியத்தில் விட்ட பிழை மக்னீசியத்தில் எதிர்ப்பக்கமாக வந்து உட்காரும். கால்சியத்தை 50 குறைவாகக் கண்டால் மக்னீசியம் 30 கூடுதலாகத் தெரியும். உங்கள் 1440ல் கூடுதலாக நிற்கும் 140ல் 30ஐ இப்படி விளக்கிவிடலாம், மீதி 110ஐ முடியாது. மினரல் கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் சேர்த்திருக்கலாம், ஆனால் டி.டி.எஸ். 110 உள்ள தண்ணீரில் 110 பிபிஎம் மக்னீசியம் இருக்க முடியாது. இந்த எண்ணுக்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை. உப்பிலேயே கூடியிருக்கலாம், கிட் பழையதாக இருக்கலாம். பெட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். குளிர்சாதனம் இல்லாத கடை அலமாரியில் இரண்டு சித்திரையைக் கடந்த ரீஏஜென்ட் என்றால் தேதி மிச்சமிருந்தாலும் எனக்கு நம்பிக்கை குறைவு.

டிஜிட்டல் செக்கர் வாங்கினால் தீருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கேஹெச்சுக்கு வாங்கலாம், நிறத்தைக் கண் தீர்மானிக்கும் வேலை மிச்சம். ஹன்னா கம்பெனியின் கால்சியம் செக்கருக்கு 0.1 மில்லி கடல்நீர்தான் மாதிரி. அதைத் தூய தண்ணீரில் பல மடங்கு நீர்த்துத்தான் அளக்கும். மாதிரியில் ஒரு சிறு பிசகும், நீர்க்கும் தண்ணீரில் இருக்கும் கொஞ்சக் கால்சியமும் அத்தனை மடங்காகப் பெருகிவிடும். திரையில் 437 என்று மூன்று இலக்கம் தெரிவதால் அது துல்லியம் ஆகிவிடாது. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரால் நீர்த்துவிட்டுக் கருவியைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையில் ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் சிறு குப்பிகளாகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும், இந்த வேலைக்கு அதைவிட நல்லது எளிதில் அமையாது. பேட்டரி தண்ணீர் ஒரு கம்பெனிக்கு ஒரு மாதிரி இருக்கிறது, டி.டி.எஸ். பார்க்காமல் அதை ஊற்றாதீர்கள்.

இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் பார்க்கும் அக்வா லேப் எதுவும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்ப்பது நல்ல யோசனை. அங்கே பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) வைத்து டைட்ரேட் செய்வார்கள், நம் துளியை விட நிதானமான அளவு. ஆனால் அவர்கள் எண் எழுதும் முறை வேறு. கால்சியம் ஹார்ட்னெஸ் 1030 என்று ரிப்போர்ட்டில் இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது, இரண்டரையால் வகுத்தால் 412. மொத்த ஹார்ட்னெஸ் 6300 பக்கம் வருவதும் கடல்நீருக்கு இயல்பு. மொத்தத்திலிருந்து கால்சியம் ஹார்ட்னெஸைக் கழித்து, வருவதை 4.12ஆல் வகுத்தால் மக்னீசியம். ஆல்கலினிட்டி 143 என்றால் அதை 17.9ஆல் வகுங்கள், கேஹெச் 8. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஐ.சி.பி. சோதனை தனிமங்களை எல்லாம் வரிசையாகக் காட்டும், மிகச் சிறிய அளவில் உலோகம் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் கேஹெச்சை ஐ.சி.பி. கருவி அளப்பதில்லை, அதை லேப் தனியாக டைட்ரேட் செய்தால்தான் உண்டு. 5 கிலோ உப்புக்கு அந்தச் செலவு எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் உப்பைச் சுத்தமாக விடுவிக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் வாங்கியது பிரித்து விற்ற உப்பு. ரீஃப் சால்ட் ஒரே பொருள் இல்லை. சோடியம் குளோரைடு, மக்னீசியம் உப்புகள், கால்சியம் குளோரைடு, பைகார்பனேட் என்று பலவற்றின் கலவை, ஒவ்வொன்றின் குருணையும் ஒவ்வொரு அளவு. கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வரும்போது பொடி அடியில் இறங்கும், குருணை மேலே நிற்கும். மிக்சர் பொட்டலத்தில் கடைசியில் ஓமப்பொடித் தூள் மட்டும் மிஞ்சுவது மாதிரி. 20 கிலோ வாளியின் மேல்பகுதி 5 கிலோ உங்களுக்கு வந்திருந்தால், வாளியில் போட்ட எண் உங்கள் பைக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் மக்னீசியத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கடைக்காரர் ஏமாற்றாமலேயே இது நடக்கும்.

மற்றது ஈரம். கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுபவை. ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் மூடி திறந்திருந்தாலே கட்டி பிடிக்க ஆரம்பிக்கும். கட்டி பிடித்த உப்பில் ஈரத்தின் எடையும் சேர்ந்துவிடுவதால் வழக்கமான எடை போட்டால் உப்பளவு குறையும். அதைவிடக் கெடுதல், ஈரமான இடத்தில் கால்சியமும் பைகார்பனேட்டும் பைக்குள்ளேயே சேர்ந்து சுண்ணாம்பாகிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. லிட்டருக்கு எத்தனை கிராம் போட்டால் 35 வருகிறது என்று எழுதி வைப்பது என் பழக்கம். பெரும்பாலான உப்புகளுக்கு 36 முதல் 40 கிராமுக்குள் அடங்கும். போன மாதம் 38 கேட்ட உப்பு இந்த மாதம் 42 கேட்டால் அது தண்ணீர் குடித்திருக்கிறது. எந்தக் கிட்டும் இல்லாமல் கிடைக்கும் சோதனை இது.

உங்கள் நண்பர் சொன்ன இரண்டு யோசனைகளையும் சுருக்கமாகத் தள்ளிவிடுகிறேன். கல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதல் பாத்திகளிலேயே படிந்துவிடும், கடைசியில் மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். நடுவில் வாருவதுதான் நம் வீட்டுக்கு வருகிறது. பவளத்துக்கு வேண்டியது எல்லாம் முன்னும் பின்னும் போய்விட்டது. திருவான்மியூர் கரையில் குடத்தில் மொண்டு வருவதும் வேண்டாம். ஒரு பக்கம் அடையாறும் கூவமும் வந்து சேரும் கடல் அது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வடக்கே நதிகள் கொட்டிய நன்னீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்து வரும். கோடையில் 34, 35 காட்டிய கடல் கார்த்திகையில் 30க்குக் கீழே இறங்குவதைப் பொரிப்பகத்தில் ஒவ்வொரு வருடமும் குறித்திருக்கிறேன்.

கடைசியாக, பதற்றப்பட வேண்டுமா என்பது. வாரம் 15 லிட்டர் மாற்றுகிறீர்கள், அதாவது தொட்டியில் பத்தில் ஒரு பங்கு. புதுத் தண்ணீரில் கால்சியம் 50 குறைந்திருந்தால் தொட்டியில் 5 குறையும். கேஹெச் 3 கூடியிருந்தால் தொட்டியில் 0.3 கூடும். மென்பவளங்கள் இதைக் கவனிக்கக்கூட மாட்டா. தொட்டியைப் புதிதாக நிரப்புவதாக இருந்தாலோ, பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றுவதாக இருந்தாலோ கதை வேறு.

ஆகவே இந்த வாரம் உப்பை அப்படியே வையுங்கள். முதலில் ஆர்.ஓ. தண்ணீரின் கேஹெச். பிறகு ரிஃப்ராக்டோமீட்டரை 3.65 கரைசலில் நிறுத்துங்கள், கேஹெச் கிட்டை ஆப்ப சோடாவில் பாருங்கள். ஏ.சி. ஓடும் அறையில் உப்புப் பையை முழுவதும் ஒரு காய்ந்த டப்பில் கொட்டி, கையுறை போட்டுக் கிளறி, நாலு மூலையிலிருந்தும் எடுத்து, டி.டி.எஸ். பூஜ்யமான தண்ணீர் 5 லிட்டரில் கரையுங்கள். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். நாலு மணி நேரம் கழித்து ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து எழுதுங்கள். கேஹெச் 7.5க்கும் 8.5க்கும் நடுவில் நின்றால் கடைக்காரர் மேல் தப்பில்லை. அப்போதும் மக்னீசியம் மூன்று முறையும் 1440ஐ ஒட்டியே வந்தால், அந்தப் பெரிய வாளியில் மிச்சம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தால் அடியிலிருந்து அரைக் கிலோ வாங்கி வந்து அதையும் இதே மாதிரி கரைத்துப் பாருங்கள். அதில் மக்னீசியம் 1300க்குக் கீழே இறங்கினால் பிரிந்துபோன உப்பு. அதுவும் 1440 காட்டினால் உங்கள் மக்னீசியம் கிட்டை மாற்றுங்கள்.